ஊட்டியில் விழுவது உறைபனி. அதற்குப் பனிப்பொழிவு, பனிப்புயல் என்று பெயர் வைப்பது சரியா?

தலைகுந்தா விவசாயி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க பக்கம் உறைபனி நல்லா அடிக்குது. அதுல புதுசு ஒண்ணும் இல்ல. நீர்ப்பனியில தொடங்கி, மார்கழி, தை ரெண்டு மாசமும் உறைபனி அடிக்கிறது நம்ம மலைக்கு வழக்கம்தான். என் மனசு நோகிறது வேற விஷயத்துக்கு. எந்த வீடியோவைத் திறந்தாலும் "ஊட்டியில் பனிப்பொழிவு"ன்னு தலைப்பு. நேத்து ஒருத்தர் "ஊட்டியைத் தாக்கிய பனிப்புயல்"னே போட்டிருக்கார். அதைப் பார்த்துட்டு கோயமுத்தூர், திருப்பூர் ஜனங்க ராத்திரியோட ராத்திரியா வண்டி எடுத்துட்டு வர்றாங்க. விடிஞ்சும் விடியாம ரோட்டோரம் காரை நிறுத்திட்டு நேரா கேரட் பாத்திக்குள்ள இறங்கிடறாங்க. "அண்ணா, ஸ்நோ எத்தனை மணிக்கு விழும்?"னு என்னையே கேக்கிறாங்க.

அந்த நேரத்துல கேரட் தழை எப்படி இருக்கும்னு கிட்டக்க பார்த்தவங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நுனியிலயும் ஊசி ஊசியா ஐஸ் நிக்கும். தொட்டா தழை வளையாது, ஒடியும். வெயில் ஏறினதும் இளகி, மத்தியானத்துக்குள்ள வெந்நீர் ஊத்தின கீரை மாதிரி துவண்டு கறுத்துப் போயிடும். லேசா பனி அடிச்ச தழை பக்குவமா பார்த்தா தேறிடும். ஆனா உறைஞ்சு நிக்கும்போது மேல மிதிச்சா அது மீளாது.

பனிப்புயல்னா என்ன, பனிப்பொழிவுன்னா என்ன, நம்ம ஊர்ல நடக்கிறது என்ன? இதை விவரம் தெரிஞ்சவங்க ஒரு இடத்துல எழுதி வச்சா, அடுத்த தடவை வீடியோ போடுறவங்களுக்கு இந்த இழையையே அனுப்பி வைப்பேன்.


குன்னூர் அறிவியல் டீச்சர்:

அண்ணா சொல்வது முழுக்க நியாயம். இரண்டும் பிறக்கும் இடமே வேறு.

பனிப்பொழிவு மேகத்துக்குள் பிறக்கிறது. அங்கே நீராவி படிகமாகி, படிகங்கள் ஒட்டிச் செதில்களாகி, தரை வரை உருகாமல் வந்து சேர்ந்தால்தான் அது ஸ்நோ. உறைபனி எங்கிருந்தும் விழுவதில்லை. பேச்சில் "பனி விழுது" என்கிறோம், ஆனால் அது இலை மேலேயே உண்டாவது. வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். புல்லும் இலையும் சுற்றியிருக்கும் காற்றைவிடச் சீக்கிரம் குளிரும். அவை 0 டிகிரிக்கு மேல் நின்றால் காற்றின் ஈரம் துளியாகும், நாம் நீர்ப்பனி என்பது அதைத்தான். கீழே போய்விட்டால் ஈரம் துளியாகாமல் நேராகப் படிகமாகும். அதுதான் உறைபனி.

நீலகிரியில் ஏன் ஸ்நோ பெய்யாது என்று பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள். நம் அட்சரேகையில் காற்று 0 டிகிரியைத் தொடுவது ஏறத்தாழ 4,500 முதல் 5,000 மீட்டர் உயரத்தில். தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். மேலே பிறக்கும் செதில் நம்மை எட்டுவதற்குள் இரண்டு கிலோமீட்டர் வெதுவெதுப்பான காற்றில் இறங்கி மழையாகிவிடும். அதோடு, மேகம் கூடினால் தரை விடும் சூட்டை அது திருப்பி அனுப்பும், இரவுக் குளிரே குறைந்துவிடும். உறைபனிக்குத் தெளிந்த வானம் வேண்டும், ஸ்நோவுக்கு மேகம் வேண்டும். நம் மலையில் இரண்டும் ஒரே இரவில் சேர வழியில்லை.

சித்திரை, வைகாசி இடிமழையில் சில சமயம் தரை வெள்ளையாகிவிடுமே, அது ஆலங்கட்டி. இடிமேகத்துக்குள் மேலேறும் காற்றில் சிக்கிப் பருத்து, கனமாக வேகமாக விழுவதால் உருக நேரம் கிடைப்பதில்லை. அந்தப் படத்தையும் "ஊட்டியில் ஸ்நோ" என்று போடுகிறார்கள்.


லவ்டேல் டு டொராண்டோ:

அண்ணே, நான் லவ்டேல்ல பிறந்து வளர்ந்தவன், இப்போ கனடாவுல வேலை. பனிப்புயலைப் பத்தி நான் சொல்றேன்.

இங்க யாரும் கண்டபடி அந்தப் பேரைப் பயன்படுத்த முடியாது. கனடா வானிலைத் துறை கணக்குப்படி, காற்று மணிக்கு 40 கி.மீ. அல்லது அதுக்கு மேல வீசணும், பறக்கிற பனியால 400 மீட்டருக்கு அப்பால எதுவும் தெரியக் கூடாது, இந்த நிலை 4 மணி நேரமாவது நீடிக்கணும். மூணும் சேர்ந்தாத்தான் பிலிஸார்டு, அதாவது பனிப்புயல். அமெரிக்காவுல காற்று மணிக்கு 56 கி.மீ., நேரம் 3 மணி. பார்வைத் தூரம் அங்கேயும் கிட்டத்தட்ட 400 மீட்டர்தான்.

எத்தனை சென்டிமீட்டர் பனி விழுந்ததுன்னு அந்தக் கணக்குல எங்கேயுமே இல்ல. ஒரு நாள் முழுக்க அமைதியா அரை மீட்டர் ஸ்நோ கொட்டினாலும் அது பனிப்புயல் இல்ல, கடும் பனிப்பொழிவுதான். வானத்துல இருந்து ஒரு செதில்கூட விழாம, ஏற்கெனவே தரையில கிடக்கிற தூள் பனியைக் காற்று வாரி இறைச்சாலும் அது பனிப்புயல்தான். ஆபத்து காற்றுலயும் கண் தெரியாம போறதுலயும் இருக்கு. வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, மேடு பள்ளம் தெரியாம, நாம எந்தப் பக்கம் திரும்பி நிக்கிறோம்னே புரியாது. வீட்டுல இருந்து மாட்டுக் கொட்டகைக்குப் போறவங்க வழி தப்பி, வாசலுக்குப் பக்கத்துலயே செத்துப் போயிருக்காங்க. அதனாலதான் அந்தக் காலத்துச் சமவெளி விவசாயிங்க வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவுல கயிறு கட்டி வச்சாங்க.

1888 ஜனவரி 12-ல அமெரிக்கச் சமவெளியில வந்த புயலைச் சொல்லாம இருக்க முடியாது. அன்னைக்குக் காலையில வழக்கத்துக்கு மாறா வெதுவெதுப்பா இருந்ததால பிள்ளைங்க கனமான கோட்டு இல்லாம பள்ளிக்கூடம் போயிட்டாங்க. மத்தியானம் திடீர்னு புயல் இறங்கிடுச்சு. 235 பேர் போனாங்க, நிறையப் பேர் பள்ளிக்கூடத்துல இருந்து வீடு திரும்பின குழந்தைங்க. அதே வருஷம் மார்ச் மாசம் நியூயார்க் பக்கம் அடிச்ச இன்னொரு பனிப்புயல்ல 400 பேருக்கு மேல செத்தாங்க. 1972 பிப்ரவரியில ஈரான்ல கிராமங்களே மூடிப் போய் ஏறத்தாழ 4,000 பேர். இதையெல்லாம் படிச்சுட்டு, ஊட்டி கேரட் தோட்டத்து வீடியோவுக்கு அதே பேரைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியுது.

இங்கே இருக்கிற மத்த பேருங்களையும் சுருக்கமா சொல்லிடறேன். லேசா பறந்துட்டு நின்னு போறது ஃப்ளரி. திடீர்னு சுவர் மாதிரி வந்து அரை மணி நேரத்துல ஓடிடறது ஸ்குவால். நெடுஞ்சாலையில வண்டிங்க வரிசையா மோதறது பெரும்பாலும் இந்த ஸ்குவால்லதான். உறையாத பெரிய ஏரி மேல குளிர்காற்று ஓடி, ஈரத்தைக் குடிச்சு, கரை ஏறினதும் கொட்டறது ஏரிப் பனி. பஃபலோ ஊர் அதுக்குப் பேர் போனது. எங்க பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா எல்லாத்துக்கும் "ஸ்நோ கொட்டுது" தான். ஆனா உறைமழை வந்தா மட்டும் குரலே மாறி, "தம்பி, இண்டைக்கு வெளியில இறங்காதேங்கோ" என்பார்.


மன்னவனூர் பூண்டு:

உறைமழைன்னா என்னங்க? கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க. எங்க பழனி மலைப் பக்கம் அப்படி ஒண்ணு கேள்விப்பட்டதே இல்ல.


லவ்டேல் டு டொராண்டோ:

மேல வெதுவெதுப்பான காற்று, தரையை ஒட்டி மட்டும் 0-க்குக் கீழ குளிர்காற்று. மழையா இறங்கற தண்ணி அந்த அடிக்காற்றுல குளிர்ந்தும் உறையாம வந்து, எதைத் தொடுதோ அது மேல உடனே கண்ணாடி மாதிரி படிஞ்சுடும். ரோடு, மரக்கிளை, மின்கம்பி எதுவும் தப்பாது. 1998 ஜனவரியில கியூபெக், ஒன்டாரியோ பக்கம் அஞ்சாறு நாள் இப்படியே பெய்ததுல ராட்சத மின்கோபுரங்களே மடிஞ்சு விழுந்தது. லட்சக்கணக்கான வீட்டுல கரண்ட் இல்ல, சில ஊர்ல ஒரு மாசம் வரைக்கும் இருட்டு. பார்க்க அழகா இருக்கும், வீடியோ எடுத்தா கோடி பேர் பார்ப்பாங்க. ஆனா பனிப்புயலுக்கு அடங்காத வண்டிக்காரனும் உறைமழைக்கு வீட்டுல உட்கார்ந்துடுவான்.


ஜீப் டிரைவர் ஊட்டி:

எல்லாரும் படிச்சவங்க, நல்லா எழுதறீங்க. நான் ஒண்ணு கேக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. சீசன் ஏப்ரல், மே மட்டும்தான். மார்கழி லீவு முடிஞ்சா மார்ச் வரைக்கும் எங்களுக்கு வண்டி ஓடாது. "மினி காஷ்மீர்"னு ஒரு தலைப்பு வந்தாத்தான் நாலு பேர் மலை ஏறறாங்க, எங்க அடுப்பு எரியுது. விவசாயி அண்ணன் கஷ்டம் எனக்குப் புரியுது, பாத்தியில இறங்கறது தப்புதான். ஆனா பேரை மாத்திட்டா கூட்டம் வராம போயிடுமே? "உறைபனி பார்க்க வாங்க"ன்னா யாரு வருவாங்க?


தலைகுந்தா விவசாயி:

தம்பி, உங்க பொழப்பு கெடணும்னு நான் எழுதல. வரட்டும், பார்க்கட்டும். பைன் காடு பக்கமும் குதிரைப் பந்தய மைதானம் பக்கமும் புல்வெளி வெள்ளையா கிடக்கும்போது பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனா "ஸ்நோ"ன்னு நம்பி வர்றவங்க ஏழரை மணிக்கு வந்து, வெள்ளை எல்லாம் இளகிப் போச்சுன்னதும் உங்ககிட்டதானே சண்டை போடறாங்க? "விடியறதுக்கு முன்னால வரணும், வெயில் பட்ட கொஞ்ச நேரத்துல போயிடும்"னு சொல்லிக் கூட்டிட்டு வந்தா அவங்களுக்கும் மனசு நிறையும்.


குன்னூர் அறிவியல் டீச்சர்:

ஓட்டுநர் தம்பிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது உயிர் சம்பந்தப்பட்டது. காஷ்மீர், ஸ்நோ என்று கேட்டு வருபவர்கள் குளிர் வேடிக்கை என்று நினைத்து செருப்பும் டி-ஷர்ட்டுமாக வருகிறார்கள். ராத்திரி தாங்க முடியாமல் அறைக்குள் கரி அடுப்பைக் கொண்டுபோய் வைத்து, ஜன்னலை அடைத்துத் தூங்குகிறார்கள். மூடிய அறையில் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படிச் செத்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வண்டியில் ஏறுபவர்களிடம் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும். கம்பளி, காலுறை, குல்லா போதும். கரி அடுப்பு வாசலுக்கு வெளியே இருக்கட்டும்.


லவ்டேல் டு டொராண்டோ:

டீச்சர் சொன்ன அதே வாயுதான் இங்க பனிப்புயல்ல சிக்கின கார்லயும் கொல்லுது. வண்டி பனியில புதைஞ்சதும் ஹீட்டருக்காக எஞ்சினை ஓட விடுவாங்க. பின்னால புகைக்குழாயைப் பனி அடைச்சுடும், புகை உள்ளேயே திரும்பும். அதனால இங்க சொல்லித் தர்றது இதுதான்: வண்டியை விட்டு இறங்கி நடக்காதே, புகைக்குழாயைச் சுத்தி இருக்கிற பனியை அடிக்கடி வாரிப் போடு, எஞ்சினைக் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டு, காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வை.


மன்னவனூர் பூண்டு:

எனக்கு வேற ஒரு குழப்பம். எங்க பக்கம் காலையில ஆட்டுப் பட்டியோரம் வாளித் தண்ணி மேல ஏடு கட்டியிருக்கும், பூண்டு வயல் முழுக்க வெள்ளை. செய்தியில "கொடைக்கானலில் குறைந்தபட்சம் 5 டிகிரி"ங்கறாங்க. இன்னொரு பக்கம் வாட்ஸ்அப்புல "மைனஸ் 4"ங்கறாங்க. எதுதான் நிஜம்?


குன்னூர் அறிவியல் டீச்சர்:

ஐயா, இரண்டும் ஒரே இடத்து அளவு இல்லை, ஒரே உயரத்து அளவும் இல்லை. வானிலை நிலையத்தில் வெப்பமானியை வெள்ளையடித்த மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து ஆளின் மார்பளவு உயரத்தில் வைப்பார்கள். செய்தியில் வருவது அந்தக் காற்றின் அளவு. உறைபனி இரவில் புல் மட்டம் அதைவிடச் சில டிகிரி தாழ்ந்திருக்கும். பெட்டிக்குள் 3, 4 டிகிரி இருக்கும்போதே புல் 0-க்குக் கீழே போய்விடலாம். அதனால் நிலையம் சொல்வதும் பொய்யில்லை, உங்கள் வாளியும் பொய் சொல்லவில்லை.

அதோடு நிலையம் இருப்பது மேட்டில், உங்கள் வயல் பள்ளத்தில். குளிர்ந்த காற்று கனம் கூடியது. இரவில் சரிவுகளில் வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா, காந்தல், சாண்டிநல்லா எல்லாம் உறைபனிக்குப் பேர்போனதற்குக் காரணம் இதுதான். சரிவின் மேலே இருக்கிற தோட்டம் தப்பும், அடியில் இருக்கிற பாத்தி கருகும்.

"மைனஸ்" கணக்கு பெரும்பாலும் கார் டேஷ்போர்டிலோ கைபேசியிலோ பார்த்துச் சொல்வது. அதை நம்ப வேண்டாம். சென்னை வானிலை ஆய்வு மையம் "நீலகிரி மாவட்டத்திலும் கொடைக்கானலிலும் ஓரிரு இடங்களில் இரவில் உறைபனி ஏற்பட வாய்ப்பு" என்று முன்கூட்டியே சொல்கிறது. விவசாயிக்கு வேண்டிய செய்தி அதுதான். ஆனால் அந்த வரியைப் பல செய்தியாளர்கள் "பனிப்பொழிவு எச்சரிக்கை" என்று மாற்றிவிடும்போது அதன் பயனே போய்விடுகிறது.


வெலிங்டன் முன்னாள் படைவீரர்:

வணக்கம். மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்து ஓய்வு பெற்றவன், சியாச்சின் பனிமலையில் பணி செய்திருக்கிறேன். டொராண்டோ தம்பி சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

மேலே பனிப்புயல் தொடங்கினால் முதலில் போவது காது. காற்றின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்துவதுகூடக் கேட்காது. பிறகு கண். மாவைவிட மெல்லிய தூள், கண்ணாடிக்குள், மூக்குக்குள், ஜிப் இடுக்கு வழியாகச் சட்டைக்குள் வரை ஏறும். துப்பாக்கி உலோகத்தை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரியும். இரவு முழுக்க முறை வைத்துக் கூடாரத்தின் மேல் சேரும் பனியை வாரிக்கொட்ட வேண்டும். ஒரு முறை தவறினால் கூடாரம் அமுங்கிவிடும். நடப்பதென்றால் எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டுதான் நடப்போம், ஏனென்றால் பனி மூடிய பிளவு காலடியில் இருப்பது தெரியாது.

பனிப்புயல் வேறு, பனிச்சரிவு வேறு. சரிவு என்பது மலைமேல் சேர்ந்த பனி அடுக்கு பிடி விட்டு ஒரேயடியாக இறங்குவது. 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள இடத்தில்தான் அதிகம் நடக்கும். புயல் நடக்கும்போதும், அது ஓய்ந்த அடுத்த ஒரு நாள், இரண்டு நாளும் ஆபத்து அதிகம். வானம் தெளிந்து வெயில் அடிக்கும்போது புதிதாக வந்தவர்கள் ஆபத்து போய்விட்டது என்று நினைப்பார்கள், பழையவர்கள் அப்போதுதான் நகர விடமாட்டார்கள். புதைந்தவரை முதல் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அதற்குப் பிறகு நிமிடத்துக்கு நிமிடம் வாய்ப்பு குறையும்.

2016 பிப்ரவரி 3-ல் சியாச்சினின் சோனம் காவல் நிலையில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில், 19-வது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் மேல் பனிச்சுவர் சரிந்தது. ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் அனுமந்தப்பா உயிரோடு மீட்கப்பட்டார். பிப்ரவரி 11-ல் டெல்லி மருத்துவமனையில் அவரும் போய்விட்டார். அந்தப் பத்துப் பேரில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அப்போது சில இடங்களில் அதைப் பனிப்புயல் என்று எழுதினார்கள். புயலில் சிக்கியவனைத் தேடும் முறை வேறு, சரிவில் புதைந்தவனைத் தேடும் முறை வேறு. பெயரை மாற்றிச் சொன்னால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதே ஊருக்குப் புரியாமல் போகிறது. எனக்கு அது இன்றும் வலிக்கிறது.

ஆங்கிலத்தில் 'அவலாஞ்ச்' என்றால் பனிச்சரிவு. அதனால் நம் நீலகிரி அவலாஞ்சிக்கு வருகிறவர்களும் பெயரைப் பார்த்துப் பனிச்சரிவு நடந்த இடம் என்று நினைக்கிறார்கள். அங்கே சரிந்தது பனி இல்லை, மண். 1823-ல் நடந்த பெரும் மண்சரிவால் வந்த பெயர் அது. அந்த இடத்தில் அஞ்ச வேண்டியதும் மழைக்குத்தான். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை மறக்க முடியுமா?


கொடை வாசகர்:

ஐயா எழுதியதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. வணக்கம் உங்களுக்கு.

தமிழில் குளிர்காலத்துக்குப் பேர் பஞ்சம் கிடையாது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. வடக்கிலிருந்து உடம்பைத் துளைக்கும் காற்றுக்கு வாடை. எங்கள் பழனி மலைச் சாரலை ஆண்ட பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்ததாகச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். குளிரில் நடுங்குகிறது என்று அந்த மனிதனுக்குப் பட்டிருக்கிறது. இந்த மலைக்குளிரை அறிந்தவன் அவன்.

காஷ்மீரிகளும் தங்கள் குளிரை இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21 தொடங்கி 40 நாள் சில்லை கலான், அதுதான் கொடுங்குளிர். அடுத்த 20 நாள் சில்லை குர்த், கடைசி 10 நாள் சில்லை பச்சா. "மினி காஷ்மீர்" என்று எழுதுகிறவர்கள் அந்த 40 நாளில் அங்கே குழாய்த் தண்ணீர் உறைந்து சனங்கள் படும் பாட்டையும் ஒரு வரி எழுதலாம்.

பனிப்புயல் என்ற சொல்லை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், நல்ல சொல். சிலர் பனிச்சூறாவளி என்கிறார்கள், வேண்டாம். சூறாவளி என்றதும் கடலும் கடலூரும்தான் நம் நினைவுக்கு வரும்.


மஞ்சூர் சிறு தேயிலை:

எல்லாரும் வெள்ளைப் பனியைப் பத்தியே பேசறீங்க. எங்களைக் கொல்றது கண்ணுக்கே தெரியாத பனி. காத்துல ஈரம் சுத்தமா இல்லாத ராத்திரியில இலை மேல வெள்ளை படியாது. ஆனா இலைக்குள்ள இருக்கிற சாறு உறைஞ்சுடும். காலையில பார்த்தா செடி பச்சையா, நல்லா இருக்கிற மாதிரியே தெரியும். ரெண்டு நாள்ல செம்பு நிறமாகி, அப்புறம் கருகி, கையில நொறுங்கும். "பனி அடிச்சிருச்சு"ன்னு நாங்க சொல்றது அதையும் சேர்த்துத்தான். அப்படி அடிச்ச தேயிலைக் காட்டுல மறுபடி கொழுந்து வர மாசக்கணக்கு ஆகும். பச்சைத் தேயிலை வரத்து குறையும், பறிக்கிற பொம்பளைங்களுக்கு வேலை இருக்காது. இதை வீடியோ எடுக்க ஒருத்தரும் வர மாட்டாங்க, ஏன்னா அழகா இருக்காது.

நாங்க செய்யறது: சின்னச் செடிக்கு மிலாறு, அதாவது சின்னக் கிளைக் குச்சி, வெட்டி மூடி வைப்போம். பெரிய காட்டுக்கு அது கட்டாது. அங்க சில்வர் ஓக் நிழல்தான் காப்பு. மரத்தடியில தரைச் சூடு சட்டுனு வெளியேறாது. நிழல் மரத்தை வெட்டி வித்துட்டு, அடுத்த தையில செடி கருகினதும் தலையில கை வைக்கிறவங்களை எங்க பக்கம் வருஷா வருஷம் பார்க்கிறேன். தயவு செஞ்சு மரத்தை வெட்டாதீங்க.

இன்னொண்ணு, பனியில காய்ஞ்ச புல்லுதான் மாசி, பங்குனியில காட்டுத் தீக்கு விறகு. மாட்டுக்கும் மேய்ச்சல் போச்சு, காட்டு மிருகத்துக்கும் போச்சு.


தலைகுந்தா விவசாயி:

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. டீச்சர், நான் ஒண்ணு கேக்கணும். நாங்க விடியக்காலையில ஸ்பிரிங்ளர் போட்டு தழையைக் கழுவி விடறோம். வெயில் படறதுக்குள்ள ஐஸ் போயிட்டா தழை தப்பிக்குது. பக்கத்துத் தோட்டத்துல ராத்திரியே போட்டாங்க, அவங்களுக்கு இன்னும் மோசமா கருகிடுச்சு. ஏன் அப்படி?


குன்னூர் அறிவியல் டீச்சர்:

அவர்கள் நடுவில் நிறுத்தியிருப்பார்கள் அண்ணா. 1 கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி சூட்டை வெளியே விடும், அதுதான் இலையைக் காப்பாற்றுகிறது. ஆனால் அதே 1 கிராம் ஆவியானால் ஏறத்தாழ 600 கலோரியை இழுத்துக்கொள்ளும். ராத்திரியில் கொஞ்ச நேரம் தெளித்துவிட்டு நிறுத்தினால் நனைந்த இலையிலிருந்து ஈரம் ஆவியாகி, நனையாத இலையைவிட அதிகமாகக் குளிரும். ராத்திரியில் தொடங்கினால் காலையில் ஐஸ் தானாக உருகும் வரை நிறுத்தவே கூடாது. அவ்வளவு தண்ணீரும் கரண்டும் இல்லையென்றால் நீங்கள் செய்வதே சரி: விடியும் நேரத்தில் தொடங்கி, வெயில் பாத்தியைத் தொட்டு, வெள்ளை முழுக்கக் கரைந்த பிறகு நிறுத்துங்கள்.

அன்று ராத்திரி உறைபனி அடிக்குமா என்று பார்க்க, சாயங்காலமே மேகம் இருக்கிறதா, காற்று அடங்குகிறதா என்று பாருங்கள். மழை முடிந்து ஓரிரு நாளில் வானம் பளிச்சென்று தெளிந்தால் அன்றைக்குக் கட்டாயம் தயாராக இருங்கள். நள்ளிரவில் மூடுபனி இறங்கிவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. பயிர் தப்பும், ஆனால் மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவருக்கு அதுதான் கெட்ட இரவு.


ஜீப் டிரைவர் ஊட்டி:

மூடுபனியைப் பத்தி எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல டீச்சர். கொண்டை ஊசி வளைவுல முன்னால போற லாரியோட சிவப்பு லைட்டே பக்கத்துல போனாத்தான் தெரியும். ஹை-பீம் போட்டா வெள்ளை இன்னும் அதிகமாகும். லோ-பீம், மெதுவா, ஓரக் கோட்டைப் பிடிச்சுப் போகணும். கீழ இருந்து வர்றவங்களுக்கு இது தெரியறதில்ல.

டொராண்டோ சார் சொன்ன 400 மீட்டர் கணக்கு மனசுல நிக்குது. இங்க 40 மீட்டர்கூடத் தெரியாத ராத்திரி உண்டு, அதுக்குத் தலைப்பு போட ஒருத்தரும் இல்ல. அண்ணே, நான் என் வண்டி போர்டுல "உறைபனி, விடியற்காலை 5:30 மணி"ன்னே எழுதிக்கிறேன். கரி அடுப்பு விஷயமும் ஏறும்போதே சொல்லிடறேன். ஆளுங்களை எங்க இறக்கினா உங்க பாத்திக்குத் தொந்தரவு இருக்காது?


தலைகுந்தா விவசாயி:

ரொம்ப நன்றி தம்பி. கூடலூர் ரோட்டுல மேய்ச்சல் புல்வெளி இருக்கிற பக்கம் நிறுத்துங்க, அங்கதான் வெள்ளை நல்லாவும் தெரியும். வேலி போட்ட இடத்துக்குள்ள மட்டும் யாரையும் விடாதீங்க. ஆறரைக்குள்ள பார்த்து முடிச்சிட்டா நானும் நிம்மதியா ஸ்பிரிங்ளர் திறந்துக்குவேன். மன்னவனூர் ஐயா, உங்க பூண்டு வயல் பக்கமும் இதே தொந்தரவுதானா? அங்க ஜீப் ஓட்டறவங்க யாராவது இந்த இழையில இருந்தா பேசி வச்சுக்குங்க.


மன்னவனூர் பூண்டு:

இங்கயும் அதேதாங்க. பூம்பாறை, கூக்கால் பக்கம் வண்டி ஓட்டற பசங்க ரெண்டு பேரை எனக்குத் தெரியும். நாளைக்கே இந்த இழையை அவங்களுக்கு அனுப்பிடறேன்.